காதுக்குள் ஓர் அலையைக் கண்டவர்

கடந்த ஆண்டு தைப்பூசம் முடிந்து மூன்று நாள் ஆகியும் என் காதுக்குள் ஒலித்த மெல்லிய விசில் சத்தம் நிற்கவில்லை. படிவம் மூன்றிலிருந்தே நான் ஓர் உருமி மேளக் குழுவில் வாசித்து வருகிறேன். விடிய விடிய வாசித்த பிறகு காது அடைத்துக்கொள்வது எங்கள் குழுவில் எல்லாருக்கும் பழகிப்போன ஒன்று. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். இந்த முறை சரியாகவில்லை. அம்மா இரண்டு தடவை கூப்பிட்டும் நான் திரும்பாததைக் கவனித்த அப்பா, என்னை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்.

அங்கே ஒலி புகாத ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதுகளில் ஒலிக்கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். ஒலி கேட்டால் அழுத்த வேண்டும். அவ்வளவுதான். முடிவில் ஒரு வரைபடம் வந்தது. வலது காதின் கோடு ஏறக்குறைய நேராக இருந்தது. இடது காதின் கோடோ நேராகப் போய், 4000 ஹெர்ட்ஸ் வந்ததும் பள்ளத்தில் விழுந்து, பிறகு மேலே ஏறியது.

செவிப்பறையில் ஓட்டை எதுவும் இல்லை என்றார் சோதனை செய்தவர். பழுது இன்னும் உள்ளே, நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் உறுப்பில் என்று சொல்லி, சுவரில் தொங்கிய படத்தில் ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். சுருளின் வாசலிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருந்தது அந்த இடம்.

எனக்கு அப்போது பயத்தைவிட வியப்புதான் அதிகம். என் காதை அவர் திறந்து பார்க்கவில்லை. உள்ளே எந்த இடத்தில் பழுது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? எந்த ஒலி எந்த இடத்துக்குப் போகிறது என்பதை யார் பார்த்துச் சொன்னார்கள்? அன்று இரவே தேடத் தொடங்கினேன். ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. கியோர்க் ஃபோன் பேக்கேஷி. 1961ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபெல் பரிசைத் தனியாகப் பெற்றவர். ஆனால் அவர் மருத்துவர் அல்லர். தொலைபேசித் துறையில் வேலை பார்த்த ஓர் இயற்பியலாளர்.

தொலைபேசிக் கம்பியிலிருந்து காதுக்கு

பேக்கேஷி 1899ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் தேதி ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். தந்தை அரசதந்திரி. அவருக்கு எந்த ஊரில் வேலையோ அந்த ஊரில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். மியூனிக், கான்ஸ்டான்டிநோபிள், புடாபெஸ்ட், சூரிக் என்று பள்ளிப் பருவம் நான்கு நகரங்களில் கழிந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தார். பிறகு ஊர் திரும்பி, 1923இல் புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

பட்டம் கிடைத்தது, ஆனால் ஆய்வு செய்ய இடம் வேண்டுமே! முதல் உலகப் போரில் தோற்ற ஹங்கேரி, தன் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை இழந்திருந்த காலம் அது. நல்ல கருவிகள் இருந்த ஆய்வுக்கூடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் ஒன்று அஞ்சல் துறையின் தொலைபேசி ஆய்வுக்கூடம். அந்த நாட்டின் வழியாகச் சென்ற அனைத்துலகத் தொலைபேசிக் கம்பிகளை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டிய கடமை அதற்கு இருந்தது. பேக்கேஷி அங்கே வேலைக்குச் சேர்ந்தார். இடையில் ஓராண்டு பெர்லினில் ஒரு மின்கருவி நிறுவனத்தில் பணியாற்றியதைத் தவிர, 1946 வரை அங்கேதான் இருந்தார்.

தொலைபேசியில் குரல் தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் எதைச் சீர்செய்வது? கம்பியையா, பேசும் கருவியையா, கேட்கும் கருவியையா? செலவு செய்வதற்கு முன் இதற்குப் பதில் தெரிய வேண்டும். பேக்கேஷி யோசித்துப் பார்த்தார். கம்பியின் மறுமுனையில் இன்னொரு கருவியும் இருக்கிறது. அதுதான் மனிதனின் காது. தொலைபேசியைவிட அது எவ்வளவு சிறந்தது என்று தெரியாமல், தொலைபேசியை எந்த அளவுக்குச் சீர்செய்வது என்று எப்படி முடிவெடுப்பது? இந்த ஒரு கேள்வியோடு காதுக்குள் நுழைந்தவர், வாழ்நாள் முழுவதும் அங்கிருந்து வெளியே வரவில்லை.

ஒலி போகும் வழி

அவர் கதையைத் தொடர்வதற்கு முன், ஒலி போகும் வழியை ஒருமுறை பார்த்துவிடலாம்.

காற்றில் வரும் அதிர்வு செவித்துளை வழியாகச் சென்று செவிப்பறையைத் தட்டுகிறது. அதற்கு அப்பால் நடுச்செவியில் மூன்று குட்டி எலும்புகள் உள்ளன. சுத்தி, பட்டடை, அங்கவடி. மூன்றாவதான அங்கவடிதான் நம் உடலிலேயே மிகச் சிறிய எலும்பு. அதன் உயரம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்.

எதற்கு இந்த எலும்புகள்? உட்செவி முழுக்கத் திரவம். நீச்சல் குளத்தில் முங்கியிருக்கும்போது கரையிலிருந்து நண்பன் கூப்பிட்டால் சரியாகக் கேட்காது. காற்றில் வரும் ஒலியில் பெரும்பகுதி தண்ணீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். காதுக்குள்ளும் அதே சிக்கல் உண்டு. அகலமான செவிப்பறையில் விழும் விசையை, அதைவிடப் பல மடங்கு சிறிய அங்கவடியின் அடித்தட்டில் குவித்துத் தருவதால் அழுத்தம் 20 மடங்குக்கு மேல் கூடுகிறது. குண்டூசியின் தலையில் நாம் அழுத்தும் விசை முனையில் குவிவதைப் போலத்தான் இதுவும்.

அங்கவடி தட்டும் கதவுக்கு அப்பால் இருப்பதுதான் நத்தைச்சுருள். இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுருண்டிருக்கும் அதை நீட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் இருக்கும். அதன் உள்ளே நெடுக ஓர் அடிச்சவ்வு ஓடுகிறது. வாசல் பக்கம் குறுகலாகவும் விறைப்பாகவும், உச்சிப் பக்கம் அகலமாகவும் தளர்வாகவும் இருக்கும். சவ்வின் மேல் வரிசை வரிசையாக மயிரணுக்கள் அமர்ந்திருக்கின்றன. அதிர்வை நரம்புக்குச் சொல்வது இவைதான்.

நான்கு கருத்துகள், ஒரு சவ்வு

பேக்கேஷியின் காலத்தில் சிக்கல் இந்தச் சவ்வில்தான் இருந்தது. தடித்த குரலையும் கீச்சுக் குரலையும் அது எப்படிப் பிரிக்கிறது? ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், பியானோவில் தனித்தனிக் கம்பிகள் இருப்பதுபோல் சவ்வில் தனித்தனி இழைகள் ஒவ்வோர் ஒலிக்கும் அதிர்கின்றன என்று 1863இல் எழுதியிருந்தார். சவ்வு முழுவதும் ஒரே மாதிரி அதிர்கிறது, பிரிக்கும் வேலை மூளையினுடையது என்றனர் வேறு சிலர். நிலையான அலை என்றும், நகரும் அலை என்றும் இன்னும் இரண்டு கருத்துகள் இருந்தன. ஒவ்வொரு தரப்பும் தாள்தாளாக வாதாடியது. உயிரணுக்களின் அளவில் நடக்கும் அசைவை யாரும் நேரில் பார்த்திருக்கவில்லை.

பேக்கேஷி எந்தத் தரப்பிலும் சேரவில்லை. முதலில் நத்தைச்சுருளைப் போன்ற மாதிரிகளைத் தன் கையாலேயே செய்தார். உள்ளே திரவம், நடுவே மெல்லிய சவ்வு. சவ்வின் விறைப்பை மாற்றிப் பார்த்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. விறைப்பை ஒரு மாதிரி வைத்தால் முதல் கருத்து சரியாக வந்தது. இன்னொரு மாதிரி வைத்தால் அடுத்த கருத்து சரியாக வந்தது. நான்கையும் உண்மையாக்கிக் காட்ட முடிந்தது! அப்படியானால் வாதாடிப் பயனில்லை. உண்மையான மனிதக் காதில் சவ்வின் விறைப்பு எவ்வளவு என்று அளந்தால்தான் விடை கிடைக்கும்.

அதற்கு இறந்தவர்களின் காதுகள் வேண்டும். பிணப் பரிசோதனைக் கூடங்களிலிருந்து காதைச் சூழ்ந்திருக்கும் எலும்பைப் பெற்றார். உடலிலேயே மிகக் கடினமான எலும்புகளில் அதுவும் ஒன்று. அதற்குள் பட்டாணி அளவுள்ள நத்தைச்சுருள். அது உலர்ந்துவிடக் கூடாது, கிழிந்துவிடக் கூடாது. திரவத்துக்குள் மூழ்கவைத்து, நுண்ணோக்கியில் பார்த்தபடி, தானே உருவாக்கிய மிகச் சிறிய கருவிகளால் எலும்பைச் சிறிது சிறிதாக நீக்கி ஒரு சன்னல் திறந்தார்.

சவ்வு கண்ணாடிபோல் இருப்பதால் அசைவு தெரியாது. அதனால் அதன்மேல் நுண்ணிய துகள்களைத் தூவினார். ஒலியைக் கொடுத்தால் துகள்கள் வெறும் மங்கலாகத் தெரியுமே தவிர, எப்படி அசைகின்றன என்று தெரியாது. அதற்கு மின்னி மின்னி எரியும் விளக்கைப் பயன்படுத்தினார். ஓடும் மின்விசிறியின் இறக்கைகள் சில விளக்கு வெளிச்சத்தில் மெதுவாகச் சுற்றுவதுபோல் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே உத்திதான். வேகமான அதிர்வு அவர் கண்முன் மெதுவாக நடந்தது.

அப்போதுதான் அந்த அலையைப் பார்த்தார். வாசலில் தொடங்கி, சவ்வின் மேல் நகர்ந்து, போகப் போக உயர்ந்து, ஓரிடத்தில் உச்சம் தொட்டு, உடனே அடங்கிவிடும் அலை. கீச்சொலி கொடுத்தால் உச்சம் வாசலுக்கு அருகிலேயே வந்தது. தடித்த ஒலி கொடுத்தால் அலை நெடுந்தூரம் போய்ச் சுருளின் உச்சியில் ஓங்கியது. ஒவ்வோர் ஒலிக்கும் ஓர் இடம்! நான்கில் நகரும் அலை என்ற கருத்தே மனிதக் காதுக்குப் பொருந்தியது. 1928இல் இதைப் பற்றிய முதல் கட்டுரையை வெளியிட்டார்.

அதோடு அவர் நிறுத்தவில்லை. கோழி, சுண்டெலி, எலி, கினிப்பன்றி, மாடு என்று பல உயிரினங்களின் காதுகளில் அளந்தார். பட்டியலில் யானையும் உண்டு. அளவு வேறு, ஆனால் அலை அதே அலை.

தோலில் கேட்ட ஒலி

இரண்டாம் உலகப் போரில் புடாபெஸ்ட் முற்றுகைக்கு உள்ளாகிப் பெரும் அழிவைக் கண்டது. 1946இல் பேக்கேஷி சுவீடனுக்குச் சென்றார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கிட்டத்தட்ட ஐம்பது வயதில் புதிய நாடு, புதிய ஆய்வுக்கூடம்.

1947இல் அவர் ஒரு கருவியை அறிமுகப்படுத்தினார். ஒலி கேட்கும்வரை பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தினால் ஒலி மெல்லக் குறையும். கேட்காதபோது விட்டுவிட வேண்டும். விட்டால் ஒலி மெல்லக் கூடும். இப்படி ஏறி இறங்குவதை ஒரு பேனா கோடாக வரைந்துகொண்டே போகும். கேட்பவர் தம் காதின் எல்லையைத் தாமே வரைந்து தரும் ஏற்பாடு இது. இதைப் படித்தபோது நான் அந்தச் சின்ன அறையில் பொத்தானோடு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது.

நம்மில் பலருக்கும் உள்ள ஒரு சந்தேகத்துக்கும் அவரது ஆய்வில் விடை உண்டு. புலனத்தில் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டுவிட்டு, இது என் குரலே இல்லை என்று தோன்றியதுண்டா? நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் நம் காதுக்கு வருவதில்லை. மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உட்செவியை அடைகிறது. எலும்பு வழியே தடித்த அதிர்வுகள் நன்றாக வருவதால் நம் குரல் நமக்குக் கனமாகக் கேட்கிறது. பதிவில் அந்தப் பகுதி இல்லை. எலும்பு வழியே சொந்தக் குரலைக் கேட்பது பற்றி 1949இல் அவர் விரிவாக எழுதினார்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இன்னொன்று. நத்தைச்சுருளைப் பல மடங்கு பெரிதாக்கி, கையை வைத்துப் பார்க்கக்கூடிய குழாயாகச் செய்தார். அதன் நீளவாட்டில் முழங்கையை வைத்தால் அதிர்வு கை முழுவதும் ஓடுகிறது. ஆனால் வைத்தவருக்கோ ஒரே ஓர் இடத்தில்தான் அதிர்வது போலிருக்கும். ஒலியை மாற்றினால் அந்த இடம் கையில் நகரும். அகலமான அலையிலிருந்து ஒரு புள்ளியை நரம்பு மண்டலம் எடுத்துக்கொண்டு, சுற்றியிருப்பதை அடக்கிவிடுகிறது. கேட்பது காதோடு முடிவதில்லை என்பதை அவர் தோலிலேயே காட்டினார்.

இத்தகைய உழைப்புக்காகத்தான் 1961இல் நோபெல் பரிசு வந்தது. நத்தைச்சுருளுக்குள் ஒலி எப்படித் தூண்டலாக மாறுகிறது என்பதன் இயற்பியலைக் கண்டறிந்ததற்காக அது வழங்கப்பட்டது. 1965இல் அவருடைய ஹார்வர்ட் ஆய்வுக்கூடம் தீயில் அழிந்தது. அறுபத்தாறு வயதில் வேறு யாராவது ஓய்வு எடுத்திருப்பார்கள். அவர் 1966இல் ஹவாய் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கே புதிய ஆய்வுக்கூடத்தில் வேலையைத் தொடர்ந்தார். 1972ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் தேதி ஹொனலுலுவில் காலமானார். வாழ்நாளெல்லாம் சேர்த்த கலைப்பொருள்களை நோபெல் அறக்கட்டளைக்கே விட்டுச் சென்றார்.

அவர் பார்க்க முடியாமல் போனது

கதை இங்கே முடிந்திருந்தால், ஒரு மேதையைப் பற்றிப் படித்த நிறைவோடு நான் தூங்கப் போயிருப்பேன். முடியவில்லை.

பேக்கேஷி பார்த்தவை இறந்த காதுகள். நுண்ணோக்கியில் அசைவு தெரிய வேண்டும் என்பதற்காக மிகப் பலத்த ஒலியைக் கொடுத்தார். அவர் கண்ட அலையின் உச்சம் அகலமாக இருந்தது. ஆனால் நாமோ நெருக்கமான இரண்டு சுருதிகளைக்கூடப் பிரித்துக் கேட்கிறோம். இந்த இடைவெளியை யார் நிரப்புகிறார்கள்? காது தானும் ஆற்றலைச் செலவிட்டு ஒலிக்கு உதவ வேண்டும் என்று 1948இலேயே தாமஸ் கோல்ட் என்ற இளம் அறிவியலாளர் சொன்னார். அப்போது அது எடுபடவில்லை. 1971இல், பேக்கேஷி இறப்பதற்கு முந்தைய ஆண்டில், வில்லியம் ரோட் என்பவர் உயிருள்ள குரங்குகளின் காதில் அளந்தார். உயிருள்ள காதில் உச்சம் கூர்மையாக இருந்தது. மெல்லிய ஒலிக்கு அது கூடுதலாக உதவியது. உயிர் போனதும் அந்தக் கூர்மையும் போனது.

1978இல் டேவிட் கெம்ப் இன்னும் வியப்பான ஒன்றைக் காட்டினார். நலமான காது ஒலியைக் கேட்பதோடு, மிக மெல்லிய ஒலியைத் திருப்பி வெளியேயும் அனுப்புகிறது. பிறந்த குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று இன்று பல நாடுகளில் சோதிப்பது இந்த ஒலியை வைத்துத்தான். காரணம் மயிரணுக்களில் வெளிவரிசையில் உள்ளவை. அவை நீண்டும் சுருங்கியும் அலையை அந்தந்த இடத்தில் ஊக்கிவிடுகின்றன. ஒரு காதில் இவை ஏறக்குறைய 12,000 உள்ளன. நரம்புக்குச் செய்தி சொல்லும் உள்வரிசையில் 3,500 அளவில் உள்ளன.

அப்படியானால் பேக்கேஷி செய்தது தவறா? இல்லை. அலை உண்டு என்பதும், ஒவ்வோர் ஒலிக்கும் ஓர் இடம் உண்டு என்பதும் இன்றும் நிற்கின்றன. செவித்திறன் இழந்தவர்களுக்கு நத்தைச்சுருளில் பொருத்தும் கருவியில், கீச்சொலிக்கான மின்முனை வாசல் பக்கமும் தடித்த ஒலிக்கானது உள்ளேயும் அமைவது இந்த இட வரிசைப்படிதான். அவர் பாதி வழியைத் தெளிவாகக் காட்டினார், மீதியை மற்றவர்கள் நடந்தார்கள். தன் பிழையைத் தேடித் தரும் எதிரி நண்பனைவிட மேலானவன், ஏனென்றால் அவன் கூலி வாங்காமல் உழைக்கிறான் என்று வேடிக்கையாக எழுதியவர் அவர். தன்னைத் திருத்தியவர்கள் மீது அவருக்கு வருத்தம் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

எனக்குத்தான் வருத்தம். என் இடது காதில் 4000 ஹெர்ட்ஸுக்கு உரிய இடத்தில் அடிபட்டவை அந்த மயிரணுக்கள்தான். மனிதக் காதில் அவை ஒருமுறை இறந்தால் மறுபடி முளைப்பதில்லை. விசில் சத்தம் சில வாரங்களில் அடங்கியது. மறுசோதனையில் அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது. வகுப்பறையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. உணவுக்கடை இரைச்சலில் நண்பர்கள் பேசும்போதுதான் தெரியும். ச, ஸ போன்ற ஒலிகள் நழுவிவிடும். பாதிச் சொல்லை நானே ஊகித்துக்கொள்கிறேன்.

உருமியை நான் விடவில்லை. ஆனால் இப்போது செவி அடைப்பான் இல்லாமல் வாசிப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல் என்று எல்லை வகுத்துள்ளது. சத்தம் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைய வேண்டும். அதாவது 83 டெசிபலுக்கு 20 மணி நேரம், 86க்கு 10 மணி நேரம். மேளத்துக்குப் பக்கத்தில் விடிய விடிய நிற்பவர்களும், பேருந்தில் இயர்ஃபோன் ஒலியை முழுமையாக ஏற்றிக் கேட்பவர்களும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதல் நாள் குழுவில் எல்லாரும் சிரித்தார்கள். காதைப் பொத்திக்கொண்டு மேளம் அடிப்பவன் என்று பெயரும் வைத்தார்கள். நான் என் வரைபடத்தைக் கைப்பேசியில் காட்டி, அந்தப் பள்ளம் என்னவென்று சொன்னேன். நத்தைச்சுருளையும் அதில் ஓடும் அலையையும் மணலில் வரைந்து காட்டினேன். இந்த வாரப் பயிற்சிக்கு எங்கள் குழுவின் ஆகச் சின்னப் பையன், படிவம் ஒன்றில் படிப்பவன், தன் அப்பா வாங்கித் தந்த செவி அடைப்பானை மாட்டிக்கொண்டு வந்திருந்தான். மேளத்தின் தாளம் அப்படியும் நன்றாகக் கேட்கிறது என்று அவனே மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.